ஐந்தாவது கேள்வி

நன்றி என்றுதான் அமைச்சர் ஆரம்பித்தார், அது நடக்காது என்று பக்தவச்சலம் தலையை ஆட்டியதும் வரவேற்கிறேன் என்பதற்கு இறங்கி வந்தார், அதுவும் முடியாது, எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஒருவன் சட்டசபையில் எழுந்து நின்று அரசாங்கத்தை வரவேற்றுவிட்டுப் போனால் சாயங்காலம் கட்சி ஆபீஸில் அவனை யார் வரவேற்பார்கள், சரி, பாராட்டுகிறேன், மறுபடி மேலே ஏறுகிறீர்களே ஐயா, கடைசியில் மகிழ்ச்சி என்ற ஒரு சொல்லுக்குப் பேரம் படிந்தது, காலையில், சபை கூடுவதற்கு முன்னால், கேன்டீனில், இரண்டு பேர் கையிலும் காபி ஆறிக்கொண்டிருக்க... ஐந்தாவது கேள்வி உங்களுடையது வச்சலம், நடுக்கிணத்துக் குப்பம், கடலரிப்பு, அச்சடித்த பதிலில் ஆய்வில் உள்ளது என்றுதான் இருக்கும், அதைப் பார்த்துச் சூடாகிவிடாதீர்கள், எழுந்து துணைக் கேள்வி கேளுங்கள், மழைக்கு முன்னால் கருங்கல் கொட்டப்படும் என்று வாயாலேயே சொல்லிவிடுகிறேன், சபையில் சொன்னால் சொன்னதுதான், அப்புறம் எந்த அதிகாரியும் இழுத்தடிக்க முடியாது, உங்கள் பங்குக்கு மகிழ்ச்சி என்று ஒரு வார்த்தை, பத்திரிகையில் வரட்டும்... அந்த ஒரு வார்த்தையோடு உள்ளே போனவர் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே இதோ ராயபுரத்தில், வாடகை அம்பாசடரின் முன்சீட்டில், ஒரு கண்டெய்னர் லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வார்த்தை செலவாகவில்லை, கல்லும் வரவில்லை. ஐந்தாவது கேள்வி வருவதற்குள் கட்சி வெளிநடப்பு செய்துவிட்டது, கட்சி என்றால் கட்சியோடு சேர்ந்து அவரும்தான்.

லாரி நகர்வதாக இல்லை. துறைமுகத்துக்குள் போக வேண்டியவை ஒரு பக்கம் வரிசை கட்டி நிற்க, உள்ளேயிருந்து வந்தவை மறு பக்கத்தையும் அடைத்துக்கொண்டிருந்தன, நடுவில் ஒரு மீன்பாடி வண்டி மட்டும் ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு வளைந்து வளைந்து போனது, அதைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. லாரிக்காரன் கெளம்ப மாட்டேங்கான் சார், எறங்கி டீ குடிக்கப் போயிட்டாம் போல, என்றான் மாசானம், வண்டியை அணைத்துவிட்டு அவனும் ஸ்டீரிங்கில் சாய்ந்துகொண்டான். பின்சீட்டில் தாயம்மாவும் அவள் நாத்தனார் குப்பம்மாவும். நடுக்கிணத்துக் குப்பத்துக்காரர்கள், தெருத் தெருவாக மீன் விற்கிறவர்கள், நம் ஊர் விஷயம் சபையில் வருகிறது, வந்து கண்ணால் பாருங்கள் என்று பாஸ் வாங்கிக் கொடுத்து இவரே காலையில் ஏற்றிக்கொண்டு வந்த விருந்தாளிகள். கோட்டையை விட்டுக் கிளம்பியதிலிருந்து இரண்டு பேரும் வாயை மூடவில்லை. "போலீஸ்காரிக்கு இன்னா திமிருன்ற... கால் மேல கால் போடாதன்றா, வெத்தல போடாதன்றா, சுருக்குப்பைய வெளிய குட்துட்டு வான்றா, சிரிச்சா மொறைக்கிறா. கீய ஒக்காந்துகினு கீறவனுங்கோ மேஜய போட்டு தட்டு தட்டுன்னு தட்டறானுங்கோ, அத ஒர்த்தரும் கேக்கல." "ஏசி நல்லா இருந்துச்சிக்கா." "ஒனுக்கு நல்லாத்தான் இருக்கும், கொறட்ட வுட்டுகினு இருந்த." "நா எங்க தூங்கினேன்? கண்ண மூடிகினு கேட்டுகினு இருந்தேன்." "இன்னா கேட்ட, சொல்லு பாப்போம்." "ஏதோ ஆத்துப் பாலம் ஒட்ஞ்சிகிச்சாமே..." "அது மொதோ கேள்விடி, தூங்குமூஞ்சி!" மாசானம் சிரித்தான், பக்தவச்சலமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணாடியில் தாயம்மாவின் முகத்தைப் பார்த்தார். போலீஸ்காரியைப் பேசியாகிவிட்டது, ஏசியைப் பேசியாகிவிட்டது, கேன்டீன் போண்டாவில் உப்பு இல்லை என்பது வரை வந்தாகிவிட்டது, ஒன்றை மட்டும் அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் சொல்லலாம். கேட்காமல் உட்கார்ந்திருக்கிறவளிடம் எதை எடுத்து எங்கே ஆரம்பிப்பது?

போன வருஷ மழையில் அவள் அடுப்படி கடலுக்குப் போயிற்று, அம்மிக்கல்லோடு. அந்தப் பக்கம் தொட்டடுத்த குப்பத்துக்குக் கருங்கல் கொட்டினார்கள், பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நல்ல உயரம், இவள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிதி தீர்ந்தது, கல்லும் நின்றது. கல்லில் மோதுகிற கடல் சும்மா திரும்பிப் போகுமா, கல் முடிகிற இடத்தில் வளைந்து உள்ளே வரும், அங்கே முட்டிக்கொண்ட ஆத்திரத்தையும் சேர்த்து இங்கே காட்டும்... இப்போது ஒரு சுவர் சாய்ந்து நிற்கிறது, அதற்குப் பின்னால்தான் அவள் படுக்கிறாள், ஐப்பசி பிறக்கப் போகிறது. கூட்டத்தொடர் நாளையோடு முடிகிறது, நாளைக்குக் கேள்வி நேரம் கிடையாது, அடுத்தது பட்ஜெட்டுக்குத்தான். அதற்குள் மழை வந்து போய்விடும். இதெல்லாம் தெரியாமலா எழுந்து நடந்தோம்? தெரியும். எல்லோரையும்விட நன்றாகத் தெரியும், மூன்று பொதுக்கூட்டத்தில் பேசியிருக்கிறோமே.

மூன்றாவது கேள்வியில்தான் கெட்டது. ரேஷன் அரிசியோ பஸ் டிப்போவோ, ஏதோ ஒன்று, ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார், முதலில் தன் தலைமையைப் புகழ்ந்தார், அது வழக்கம், சாப்பாட்டுக்கு முன் இலையில் தண்ணீர் தெளிப்பதுபோல எல்லோரும் செய்வது, பிறகு இந்தப் பக்கம் திரும்பி, உங்கள் தலைவர் இந்நேரம் தூங்கி எழுந்துவிட்டாரா என்று யாராவது போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய பேச்செல்லாம் அவைக்குறிப்பில் பத்திரமாக இருக்கிறது, நாமே பேசியிருக்கிறோம். ஆனால் கொறடா முகம் சிவந்தார், சபாநாயகர் அந்த வாக்கியத்தை நீக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார், அதுதான் சைகை, மொத்த வரிசையும் எழுந்தது. இது ஆளுங்கட்சி போட்ட கணக்காக இருக்குமோ, கேள்வி வராமல் செய்ய நம்மைக் கிளப்பிவிட்டார்களோ என்று கோட்டை வாசலிலிருந்து கடற்கரை ஸ்டேஷன் வரை நினைத்துப் பார்த்தார், நினைக்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்த நேரத்தில் அமைச்சரின் முகத்தைப் பார்த்தாயிற்றே. அந்த மனிதர் திரும்பித் தன் கட்சிக்காரனை முறைத்துக்கொண்டிருந்தார், பந்தியில் உட்கார்ந்து இலையைப் போட்ட பிறகு எழுப்பிவிடப்பட்டவர்போல. அவருக்கு அந்த மகிழ்ச்சி வேண்டியிருந்தது. எதிர்க்கட்சியே ஒப்புக்கொண்டது என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருப்பார். வடக்கே ஒரு குப்பத்துக்குக் கல் போடுவதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, லாபம்தான். அப்படியென்றால் அங்கே பழி போட முடியாது.

கொறடா மேல் போடலாமா? கட்சிக் கட்டளை, மீறினால் அடுத்த முறை சீட்டு இல்லை, வீட்டுக்காரி ரேகாகூட அப்படித்தான் சொல்வாள், ஊரோடு போங்க, தனியா நின்னு என்னத்த சாதிக்கப் போறீங்க... ஆனால் போன கூட்டத்தொடரில் டெல்டாப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் என்ன செய்தார்? இதே மாதிரி எல்லோரும் எழுந்தபோது கொறடாவின் கையைப் பிடித்து, அண்ணே, அடுத்த கேள்வி என்னோடது, கேட்டுட்டு உங்க பின்னாடியே ஓடியாந்துடறேன் என்றார், கொறடாவும் சரி சீக்கிரம் என்றார், அவர் தன் வாய்க்கால் மதகைப் பற்றித் தனியாக நின்று கேட்டார், பதிலை வாங்கினார், பிறகு ஒற்றை ஆளாக முழக்கம் போட்டுக்கொண்டே வெளிநடப்பு செய்தார், லாபியில் எல்லோரும் அவரைக் கட்டிப்பிடித்துச் சிரித்தோம். நாமும் சிரித்தோம். ஆகவே வழி இருந்தது. கையைப் பிடித்து ஒரு வார்த்தை, அதுதான் செலவு. கொறடா இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். மறந்துபோயிற்று என்று சொல்லலாமா? ராயபுரத்தில் பழைய கப்பல் சாமான் விற்ற கடையில் வளர்ந்தவன், அப்பா ஒரு நங்கூரச் சங்கிலிக்குப் பத்து விதமாக விலை சொல்வதைக் கேட்டுக்கொண்டே சோறு தின்றவன், காலையில் பேசி முடித்த ஒரு பேரத்தை அரை மணியில் மறப்பானா?

அந்தக் கடை இங்கேதான் பக்கத்தில், அந்த மேம்பாலம் இறங்கி வலது கைப் பக்கம், இப்போது அங்கே ஏதோ கூரியர் கம்பெனி. அடுத்த கடை காஜா மொய்தீனுடையது. அவரும் கப்பல் உடைசல்தான், கயிறு, கப்பி, பித்தளைக் குழாய், ஆனால் கூட்டம் எப்போதும் அவர் கடையில்தான், காரணம் வாசலில் தொங்கிய கப்பல் மணி, ஒரு ஆள் கட்டிப்பிடித்தால்தான் அடங்கும், அதில் ஏதோ வெள்ளைக்காரக் கப்பலின் பெயர் வெட்டியிருக்கும், வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்ப்பார், தெருமுனையிலிருந்தே பளபளக்கும். ஓட்டல்காரன் கேட்டு வந்தான், சினிமாக்காரன் கேட்டு வந்தான், ஒரு மாதா கோயில்காரர்கள் வந்து கெஞ்சினார்கள், எல்லோரிடமும் மனுஷன் நன்றாகப் பேசுவார், டீ சொல்லுவார், விலைகூடச் சொல்லுவார், படிகிற நேரம் பார்த்து ஏதாவது ஒரு கோணல் வைத்து முறித்துவிடுவார். அப்பா ஒருநாள் கேட்டேவிட்டார், பாய், வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதானே என்று. அர்ரே, மணியப் பாக்க வர்றவன்தான் நைனா நம்மகிட்ட கயிறு வாங்கினு போறான், மணி பூட்ச்சின்னா எவன் இந்தப் பக்கம் எட்டிப் பாப்பான்... அப்பா அதைப் பெரிய வியாபார சூத்திரமாகப் பல பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இது ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தாயம்மாவின் அம்மிக்கல் கடலுக்குப் போன கதையைத் தண்டையார்பேட்டையில் சொன்னபோது கூட்டம் உச்சுக் கொட்டியது, மணலியில் சொன்னபோது டேங்கர் லாரிக்காரர்கள்கூட வண்டியை நிறுத்திக் கேட்டார்கள், விம்கோ நகரில் ஒரு கிழவர் மேடையேறி வந்து சால்வை போட்டார். அரைக்கிற கல்லை அலை கொண்டு போயிற்று, அரசாங்கம் கொட்டுகிற கல்லை யார் கொண்டு போனார், என்று நிறுத்துவார், நிறுத்துகிற இடத்தில் கைதட்டு விழும், அவருடைய மொத்தப் பேச்சிலும் நிச்சயமாகக் கைதட்டு விழுகிற இடம் அது ஒன்றுதான். கல் வந்து விழுந்துவிட்டால் அந்த இடத்தில் எதைச் சொல்வது? சீ, என்ன நினைப்பு இது, வெயில், காலையில் சாப்பிடவில்லை, அதனால்தான்...

செல்போன் அடித்தது. போன வருஷம் வாங்கியது, இன்னும் அது அடிக்கும்போதெல்லாம் யாரோ தோளைத் தொட்ட மாதிரித் திடுக்கிடுகிறது. கொறடா. "வச்சலம், எங்க இருக்க? தலைவர்ட்ட சொல்லிட்டேன், உன் கேள்வி போச்சேன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. அதுக்காகவே ஞாயித்துக்கிழம அவரே நேர்ல வர்றாருய்யா, உன் குப்பத்துக்கு. கடல் அரிச்ச வீட்டையெல்லாம் நடந்தே பாக்குறாரு, எல்லாப் பத்திரிகையும் கூட வருது. வடக்கால இத்தன வருஷத்துல உனக்கு மட்டுந்தான்யா இந்த யோகம்!" தலைவர். நடந்து. ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் யார் நடப்பார்கள், தொகுதிக்காரன்தானே நடப்பான், இடது பக்கமா வலது பக்கமா, மண்ணில் தலைவருக்குக் கால் புதையுமே, பலகை போட வேண்டும்... "ஒரு அம்மா வீட்டுச் சுவரு சாஞ்சு நிக்குதுன்னு சொல்லுவியே, அது இன்னும் நிக்குதுல்ல?" நிக்குதுண்ணே. "நல்லது. ஞாயித்துக்கிழம வரைக்கும் அப்படியே இருக்கட்டும், முட்டுகிட்டு குடுத்து நிமித்திடாதீங்க, படத்துல நல்லா வரும்." சரிங்கண்ணே, ரொம்ப மகிழ்ச்சிங்கண்ணே, என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் சொன்ன சொல் காதில் விழுந்தது. காலையில் அமைச்சர் அவ்வளவு பாடுபட்டும் வெளியே வராத சொல், கேட்காத இடத்தில் தானாக வழுக்கி விழுந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வலைக்கயிறு விற்கிற கடையில் ஒருவன் கயிற்றை முழம் போட்டுக்கொண்டிருந்தான், எதிரே நின்றவன் அவன் முழங்கையையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"யாரு நைனா போன்ல?" தாயம்மா முன்னால் குனிந்து கேட்டாள். தலைவர் ஞாயித்துக்கிழம நம்ம குப்பத்துக்கு வராருக்கா, என்றார். "வரட்டும், வரட்டும். கல்லு எத்தினி லாரில வருது?" கல்லு இல்லக்கா, அவரு வராரு, வந்து பாப்பாரு. "பாக்கறதுக்கு இன்னா கீது அங்க, தண்ணி கீது," என்றாள் குப்பம்மா. தாயம்மா அவள் தொடையில் ஒன்று வைத்தாள். "சும்மா கெடடி, பெரிய மனுசன் வராருன்றாரு... வந்தா வூட்டாண்ட ஒக்கார வெக்க ஒரு சேர்கூட இல்லியே நைனா, எதுத்த வூட்ல கேக்கணும்." இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது, அக்கா, சாயங்காலமே நாலு சவுக்குக் கட்டை வாங்கி அந்தச் சுவருக்கு முட்டுக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், கட்டைக்கு நான் சொல்லிவிடுகிறேன்... சொல்லலாம். நாக்கில் வந்து நின்றது. சுவர் நிமிர்ந்து நின்றால் தலைவர் எதைப் பார்ப்பார் என்ற எண்ணமும் பின்னாலேயே வந்து நின்றது, இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றதில் எதுவும் வெளியே வரவில்லை.

"சரி, நானே கேக்கணும்னுகினு இருந்தேன்," என்றாள் தாயம்மா. வந்துவிட்டது. மனசுக்குள் வரிசையாக எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டார், தலைவருக்கு அவமானம், கட்சிக் கட்டுப்பாடு, ஜனநாயக மரபு, ஒன்றாவது எடுபடாதா. ஆனால் அவள் குரலில் கோபமே இல்லை, தொழில்காரி தொழில்காரனிடம் பேசுகிற மாதிரி, ஒரு மெச்சுதல்கூட இருந்தது. "நீங்கோ அல்லாரும் ஒரே மூச்சா எய்ந்து வந்தீங்க பாரு, மேலேர்ந்து பாத்தேன், இவ அப்பத்தான் முய்ச்சிகினு பேஜாராயிட்டா, இன்னாடா கேள்வி கேக்காம போறாரேன்னு. நாந்தான் சொன்னேன், அடியே, அது வேல. நானும் அப்டித்தான் நைனா. மாடி வூட்டுக்காரி அடாவடியா வெல கேட்டான்னு வெய்யி, வாயே தொறக்க மாட்டேன், கூடய தூக்கி தலைல வெச்சிகினு நடையக் கட்டிருவேன். நாலு வூடு தாண்டறதுக்குள்ள, மீனும்மா, மீனும்மான்னு அவளே கேட்டாண்ட வந்து நின்னுகினு கத்துவா. அப்ப திரும்பினா நாம சொன்னதுதான் வெல." கூடையை இறக்குவதுபோல் இரண்டு கையையும் தலையிலிருந்து கீழே கொண்டுவந்தாள், வளையல் சத்தம் போட்டது. "நீங்க எய்ந்ததும் ஒரே கூச்சலு, போலீஸ்காரி எங்களயும் எய்ப்பி அனுப்சிட்டா. அதுக்கப்றம் தெர்ல. இன்னா ஆச்சி, உன்ன கூப்ட்டாங்களா?"

சட்டசபையில் அப்படியெல்லாம் கூப்பிட மாட்டார்கள் அக்கா, என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கூப்பிடுவார்களே. கேள்வி எண், உறுப்பினர் பெயர், சபாநாயகர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தானே அடுத்ததற்குப் போவார், அந்த அமைச்சரே எழுந்து, இருங்கள் வச்சலம், இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், சொல்லக்கூடிய மனிதர்தான், அவருக்கு ஆக வேண்டியிருந்தது... விலை படியாமல் கடையை விட்டு இறங்கிப் போகிற ஆளின் காலைத்தான் அப்பா பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். கூப்பிடட்டும் என்று நினைக்கிறவன் மெதுவாகப் போவான், அடுத்த கடைச் சரக்கை நின்று பார்ப்பான், செருப்பில் கல் மாட்டியதுபோல் குனிவான், காது மட்டும் பின்னால் இருக்கும். வாங்க மனசில்லாதவன், வேறு கடையில் முன்பணம் கொடுத்துவிட்டு ஒப்புக்கு வந்து விலை கேட்டவன், அவன் போகிற வேகமே வேறு, எங்கே கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்களோ என்று போவான். அந்த மாதிரி ஆளை அப்பா கூப்பிடவே மாட்டார், தொண்டைத் தண்ணி வேஸ்ட் என்பார். இன்று காலை சபையின் தரைவிரிப்பின் மேல் தான் நடந்ததைப் பக்தவச்சலம் நினைத்துப் பார்த்தார். முன்னால் மெல்லப் போய்க்கொண்டிருந்த மூத்த உறுப்பினரைத் தோளில் இடித்தது, அவர் தடுமாறியது, ஒரு வார்த்தை மன்னிப்புக்கூடக் கேட்காமல் தாண்டியது, கொறடாவையே தாண்டியது, ஸ்விங் கதவை உள்ளங்கையால் தள்ளியது... எல்லாம் அப்படியே இருந்தது. பின்னால் ஒலிபெருக்கியில் ஏதோ குரல். முழக்கமா, மேஜைச் சத்தமா, எண்ணா, பெயரா? காதைக் கொடுத்திருந்தால்தானே.

லாரி ஒரு உறுமலோடு நகர்ந்தது. மாசானம் சாவியைத் திருகினான். "இன்னா நைனா," என்றாள் தாயம்மா, கையை இன்னும் மடியில் விரித்தபடி, "கூப்ட்டாங்களா, இல்லியா?"

"தெர்லக்கா," என்றார் பக்தவச்சலம்.